துணைத்தலைவரின் பாதிப் பெயர்

நாராயணசாமி சார் தன் பெயரின் மறுபாதியைத் தேடிக்கொண்டிருந்தார்.

கையிலிருந்த தாளைத் திருப்பிப் பார்த்தார். அடுத்த தாளைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மஃப்ளர் நுனியால் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடி முதல் தாளுக்கே வந்தார். துணைத்தலைவர் என்ற பதவி முழுசாக இருந்தது. பெயர் மட்டும் 'நாராய' வரை வந்து, தாளின் வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. 'ணசாமி'யைக் காணோம்.

தில்லி ஜனக்புரியில் ஒரு மொட்டைமாடி. ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பல நாள் மூடுபனிக்குப் பிறகு வெயில் தலைகாட்டியிருந்தது. அது நகர நகர பிளாஸ்டிக் நாற்காலிகளையும் நகர்த்திப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது, அந்த வட்டாரத் தமிழ்க் குடும்பங்களின் மன்றத்து நிர்வாகக் குழு. உரித்துப் போட்ட கின்னு ஆரஞ்சுத் தோல் வாசனை. எவர்சில்வர் டம்ளர்களில் காபி. நடுவில் ஒரு ஸ்டூல். ஸ்டூல் மேல் நான் செய்த வலைத்தளம், காகிதத்தில்.

"என்னங்காணும் சம்பந்தம், ஒம்ம பேர் மட்டும் முழுசா இருக்கு?" என்றார் நாராயணசாமி சார்.

செயலாளர் சம்பந்தம் சார் தாளை வாங்கிப் பார்த்தார். அவர் பெயர் இடது பக்கம், தொடர்பு முகவரியோடு, அட்டகாசமாக முழுசாக இருந்தது.

"அய்யோ சார், அத்த நானா வெட்னேன்? கம்ப்யூட்டர் பண்ணது."

"கம்ப்யூட்டருக்கு என் மேல என்ன விரோதம்? அது எலக்‌ஷன்ல நின்னுதா?"

போன தேர்தலில் செயலாளர் பதவிக்கு இரண்டு பேரும் போட்டி போட்டிருந்தார்கள். சம்பந்தம் சார் ஜெயித்தார். தோற்றவருக்கு மனசாறட்டும் என்று துணைத்தலைவர் பதவி கொடுத்தார்கள். இப்போது அதிலும் பாதியை வெட்டிவிட்டார்கள் என்று அவர் நினைத்ததில் தப்பு சொல்ல முடியாது.

எல்லோரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள்.

## தளத்துக்கு ஒரு கோப்பு

கொஞ்சம் நிறுத்தி, ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். வலைத்தளத்தை யாராவது காகிதத்தில் பார்ப்பார்களா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன், மனசுக்குள்.

அந்தக் குழுவில் இருந்தவர்கள் அத்தனை பேரும் மத்திய அரசு அலுவலகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், அல்லது பெறப் போகிறவர்கள். அவர்கள் வாழ்க்கையில் ஒரு காரியம் உண்மையாகிறது என்றால், அது கோப்பில் ஏறியது என்று அர்த்தம். மன்றத்தின் பொங்கல் விழாவுக்குக் கோப்பு உண்டு. விழாவுக்கு வாங்கிய ஜமுக்காளத்துக்குத் தனிக் கோப்பு. ஆகவே வலைத்தளத்துக்கும் ஒரு கோப்பு திறந்து, ஒவ்வொரு பக்கத்தையும் அச்செடுத்து, துளை போட்டு, கயிறு கட்டி, சுற்றுக்கு விட்டிருந்தார் சம்பந்தம் சார். கணினி அவர் வீட்டில், கீழே ஹாலில், குரோஷா விரிப்புக்கு அடியில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. படியிறங்கிப் போய்ப் பார்க்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை.

நாராயணசாமி சார் பேனாவைத் திறந்தார். பச்சை மை. பதவியில் இருந்த காலத்தில் பச்சை மையில் எழுதும் உயரத்துக்கு அவர் போகவில்லை. ஓய்வு பெற்ற மறுநாள் கடைக்குப் போய் வாங்கிய முதல் பொருள் அந்தப் பேனாதான் என்று அவரே பிற்பாடு சொன்னார். அந்தப் பச்சையால் ஓரத்தில் எழுதினார்: 'ஒப்புதல் இல்லை. பேசவும்.'

அந்த மொட்டைமாடியில் யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அந்தப் பச்சை மை என் திருச்சி டிக்கெட்.

நேரு பிளேஸில் ஒரு தரைக்கு அடியிலிருந்த தளத்தில் சோப்ரா என்பவர் நடத்திய சின்னக் கம்பெனியில் நான் தற்காலிகமாகச் சேர்ந்திருந்தேன். தனியாக ஒரு தளம் செய்து, அதை வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் நமஸ்தே. திருச்சியில் அப்பா ஏற்கெனவே வங்கித் தேர்வுப் பயிற்சி வகுப்பில் என் பெயரைச் சொல்லி வைத்திருந்தார். தொலைபேசியில் வாரா வாரம் ஒரே கேள்வி: "ரகு, எப்ப வர்ற?" 'எப்படி இருக்கே' என்பது கூட அதற்கப்புறம்தான்.

எனக்கோ தில்லியை விட்டுப் போகவே மனமில்லை. அதற்குப் பாதிக் காரணம் வேலை. மீதிப் பாதி முனிர்காவில் என் அறையில் ரஜாய்ப் போர்வைக்குள் சுருண்டிருந்தது.

## அறைத் தோழனின் அமெரிக்கக் குரல்

முனிர்கா அறையைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே புலம்பியிருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டுக்காரர் பல் தேய்க்கும் நுரை நம் மேல் தெறிக்கும். அவ்வளவு நெருக்கம். அங்கே என்னோடு இருந்தவன் இசக்கிமுத்து. திருநெல்வேலிக்காரன். பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவன். தமிழர்கள் எப்படி எப்படியெல்லாம் தில்லிக்கு வந்து சேர்ந்தார்கள் என்பது அவனுடைய ஆராய்ச்சி. பிறவியிலேயே பார்வை கிடையாது. அதற்கெல்லாம் சேர்த்து வாய் உண்டு.

நான் அங்கங்கே பாகம் வாங்கி இணைத்த கம்ப்யூட்டரில் அவனுக்காக ஒரு மென்பொருள் போட்டிருந்தோம். திரையில் இருப்பதைச் சத்தமாகப் படித்துக் காட்டும். ஜலதோஷம் பிடித்த அமெரிக்கக்காரன் போல ஒரு குரல். தமிழ் அதற்குத் தெரியாது. ஆங்கிலம் மட்டும். விலை கொடுத்து வாங்க வழியில்லாததால் அது மாதிரிப் பதிப்பு: அரை மணிக்குச் சற்று மேலே பேசும், பிறகு வாக்கியத்தின் நடுவில் செத்துப்போகும். கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டால் உயிர் வரும். அணைத்துப் போட அந்தக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் கீழே போய் டீ குடித்துவிட்டு வரலாம்.

அதனால் அந்த அரை மணியை இசக்கி ரேஷன் சர்க்கரை மாதிரி செலவழிப்பான்.

மன்றத்தின் தளத்தை முதல் வடிவத்தில் முடித்ததும், பெருமையாக அவன் முன்னால் திறந்து வைத்தேன். அவனுக்கு அதில் ஒரு ஆசை இருந்தது. உறுப்பினர்கள் தாங்கள் தில்லிக்கு வந்த கதையை எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஆங்கிலத்தில்தான். இங்கே பிறந்த பிள்ளைகள் தமிழ் படிப்பதில்லையே. அவன் ஆராய்ச்சிக்கு அதெல்லாம் தங்கச் சுரங்கம்.

குரல் ஆரம்பித்தது. "டேபிள் வித் த்ரீ காலம்ஸ். டேபிள் வித் டூ காலம்ஸ். கிராஃபிக், ஸ்பேசர் டாட் ஜிஃப். கிராஃபிக், ஸ்பேசர் டாட் ஜிஃப். கிராஃபிக்..."

"இது யாருலே ஸ்பேசரு? மன்றத்துத் தலைவரா?"

"இல்லடா. அது ஒண்ணுமில்லாத படம். கண்ணுக்குத் தெரியாது. இடத்தை அடைக்கறதுக்காக வச்சிருக்கேன்."

"கண்ணுக்குத் தெரியாததத்தான் எனக்கு இம்புட்டு நேரமா வாசிச்சுக் காட்டுதானா? கண்ணுள்ளவனுக்குக் கொழுப்புலே."

கதைகள் இருக்கும் இடத்துக்குக் குரல் வந்து சேரவே இல்லை. ஸ்பேசர்களுக்கு நடுவிலேயே நேரம் தீர்ந்து செத்துப்போயிற்று. அன்றிலிருந்து என் பெயர் ரகு இல்லை. "ஏலே ஸ்பேசரு, தண்ணி வந்துட்டா பாரு." "ஸ்பேசரு, ஒங்க அப்பா போன் பண்ணாரு."

## ராஜ்மா பள்ளத்தில் ரசம்

டேபிள் என்றால் என்ன, அதில் என்ன தப்பு என்று கணினி பக்கம் போகாதவர்களுக்கு ஒரு வார்த்தை.

தில்லி தாபாக்களில் பள்ளம் பள்ளமாக இருக்கும் எவர்சில்வர் தட்டு தெரியுமல்லவா? ராஜ்மாவுக்கு ஒன்று, தயிருக்கு ஒன்று, சாதத்துக்குப் பெரிசாக ஒன்று. அந்தக் காலத்தில் வலைப்பக்கங்களை எல்லோரும் அப்படித்தான் செய்தோம். திரை முழுக்க ஒரு கட்டம். கட்டத்துக்குள் கட்டம். அதற்குள் இன்னொன்று. எழுத்தை ஒரு பள்ளத்தில் ஊற்று, படத்தை இன்னொன்றில் வை. கட்டம் கணக்குப் போடுவதற்காக வந்த சாதனம், பக்கம் அலங்கரிக்க அல்ல. ஆனால் திரையில் ஜோராக இருக்கும்.

தட்டை வேறு இடத்துக்குக் கொண்டுபோனால்தான் வினை. திரை சின்னதானால் வழியும். தாளில் அச்சடித்தால், தாளை விடத் தட்டு அகலம் என்பதால் வலது ஓரம் வெட்டுப்படும். நாராயணசாமி சாரின் 'ணசாமி' அப்படித்தான் போயிற்று.

இன்னொரு வழியும் அப்போது வந்துவிட்டது. உலக வலைக்கென்று பொதுவாக வகுத்த நெறிமுறை. பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை ஒரு கோப்பில் எழுது: இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல். அது எப்படித் தோன்ற வேண்டும் என்பதை வேறு கோப்பில் எழுது. வெளிநாட்டுப் பையன்கள் இதைப் பற்றி இணையத்தில் மதச் சண்டை மாதிரி எழுதித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் அதையெல்லாம் சைபர் கஃபேயில் திறந்து, ஆபீஸ் பிரிண்டரில் திருட்டுத்தனமாக அச்செடுத்து, ப்ளூலைன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டே படிப்பேன். படித்ததை இசக்கியிடம் பிரசங்கம் செய்வேன்.

"வெளங்குது," என்றான் ஒருநாள். "பேச்சு தனி, சட்டை தனி. அதானே? மொதல்ல ஒழுங்காப் பேசுலே. சட்டைய பொறவு மாட்டிக்கிடலாம்."

நான் அரை மணி பேசியதை அவன் அரை நிமிஷத்தில் முடித்துவிட்டான். எரிச்சலாக இருந்தது. ஆனாலும் மன்றத்தின் தளத்தை நான் கட்டம் போட்டுத்தான் செய்தேன். ஏனென்றால் சோப்ராஜிக்குக் கட்டம்தான் தெரியும்.

## சோப்ராஜியின் தீர்ப்பு

திங்கட்கிழமை காலை சோப்ராஜி ஹீட்டருக்கு முன்னால் உள்ளங்கைகளை விரித்துக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பச்சை மைக் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"அரே யார், இதுல என்ன? டேபிளைக் கொஞ்சம் சுருக்கு. பேர் உள்ளே வந்துடும். காம் கதம், வேலை முடிஞ்சுது." (அவர் பேசியது முழுக்க இந்தி. உங்களுக்காக என் தமிழ்.)

"சுருக்கினா எழுத்தும் பொடியாயிடும் சார். அவங்க எல்லாருக்கும் கண்ணாடி. மறுபடி எழுதறேன். நெறிமுறைப்படி. கட்டமே இல்லாம."

சிரிப்பு நின்றது.

"கட்டம் இல்லாமயா? சுவர் இல்லாம வீடு கட்டுவியா, பேட்டா?"

"திரைக்கு ஒரு உடுப்பு, தாளுக்கு ஒரு உடுப்பு. ரெண்டும் தனித்தனியா எழுதிக்கலாம் சார்."

"அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவங்க கமிட்டி. அன்னிக்குள்ள முடியுமா?"

"முடியும்."

"சுருக்கினா இன்னிக்கே முடியும். நீ உன் வழியில போனா, உன் பொறுப்பு. அவங்க ஓகே சொல்லித் தளத்தைத் திறந்தா மறுநாளே லெட்டர். இல்லேன்னா..." ஹீட்டரிலிருந்து கையை எடுத்து, ரயில் போவது போல ஒரு சைகை செய்தார். மனுஷன் கெட்டவர் இல்லை. சைகை மட்டும் ரொம்பத் தத்ரூபம்.

சுருக்கியிருக்கலாம். உண்மையிலேயே ஒரு மணி நேர வேலை. ஏன் செய்யவில்லை என்று இன்று யோசித்தால், கொள்கை, நெறிமுறை என்று பெரிசாக எழுதத் தோன்றுகிறது. எனக்கு அன்று ஞாபகம் இருந்ததெல்லாம் அந்த ஜலதோஷக் குரல்தான்: கிராஃபிக், ஸ்பேசர் டாட் ஜிஃப். என்னுடைய முதல் தளம். அதை என் அறைக்காரனே படிக்க முடியவில்லை. அப்புறம் என்ன முதல் தளம்?

இசக்கியிடம் நிபந்தனையைச் சொன்னேன். அவன் வேர்க்கடலை உரிப்பதை நிறுத்தினான்.

"நீ போனா கம்ப்யூட்டரும் போயிரும்லா?"

"என்னை விட அதுதான் முக்கியமா?"

"பின்ன? அதாவது அரை மணியில வாய மூடிரும். ஒனக்குத்தான் ஒரு தடவ ஆரம்பிச்சா நிக்கவே மாட்டேங்குதே."

அந்த வாரம் முழுக்கக் கட்டங்களைப் பிய்த்தேன். ஒவ்வொரு ஸ்பேசரையும் அழிக்கும்போது சத்தமாகச் சொல்லுவேன், அவன் 'ஒழிஞ்சான்' என்பான். கம்பளிக் கையுறையோடு தட்டச்சு செய்ய முடியாது என்பதால், விரல்களை டீ டம்ளரில் சூடேற்றிக்கொண்டே எழுதினேன். தாளுக்கான உடுப்பில் மெனுவை மறைத்தேன், பின்னணி நிறத்தை எடுத்தேன், எழுத்தைப் பெரிதாக்கினேன். பெயர்ப் பட்டியலை ஓரத்திலிருந்து தூக்கி நடுவில் போட்டேன். நாராயணசாமி சாருக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரு மைதானம்.

## அசலும் நகலும்

ஞாயிற்றுக்கிழமை மூடுபனி. மொட்டைமாடி முடியாது என்பதால் கூட்டம் சம்பந்தம் சாரின் ஹாலில். அதனால்தான் வம்பு. கணினி அங்கேயே இருந்தது.

அச்சுத் தாள்கள் சுற்றி வந்தன. நாராயணசாமி சார் தன் பெயரைக் கண்டார். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை விரலை ஓட்டினார். முகத்தில் வெயில் வந்தது.

"பேஷ். எழுத்தும் கண்ணுக்கு நன்னா இருக்கு."

நான் திருச்சி டிக்கெட்டை மனசுக்குள் கிழித்தேன். பாதி கிழித்திருப்பேன். அதற்குள் அவர் கண் கணினித் திரைக்குப் போய்விட்டது. குரோஷா விரிப்பை எடுத்துவிட்டு, அதே பக்கத்தை அங்கே நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி திறந்து வைத்திருந்தேன்.

அவர் எழுந்து போனார். தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். திரையைப் பார்த்தார். தாளைப் பார்த்தார்.

"ஓய் சம்பந்தம், இங்க வாரும். இதுல நீலப் பட்டை இருக்கு. இதுல இல்லை. இதுல பேரெல்லாம் ஓரத்துல. இதுல நடுவுல. அசலும் நகலும் ஒத்துப்போகலையே!"

ஹாலில் ஒரு சலசலப்பு. நாற்பது வருஷம் 'உண்மை நகல்' என்று முத்திரை குத்தியே வளர்ந்தவர்கள். அவர்களிடம் அசல் ஒன்றும் நகல் வேறொன்றும் காட்டினால், வேலை போகும், ஓய்வூதியம் போகும், விசாரணை வரும்.

"இன்னா தம்பி இது?" சம்பந்தம் சார் என் காதோரம் கிசுகிசுத்தார். "ஜல்தி எதுனா சொல்லு."

பஸ்ஸில் தொங்கிக்கொண்டு படித்த பிரசங்கம் எதுவும் ஞாபகம் வரவில்லை. இசக்கி சொன்னதுதான் வந்தது.

"சார், நீங்க ஆபீஸ் போன நாள்ல என்ன போட்டுப்பீங்க?"

"கோட்டு. டை. எதுக்குக் கேக்கறே?"

"வீட்டுல?"

"வேஷ்டி." குனிந்து பார்த்துக்கொண்டார். "இப்போ ஸ்வெட்டர், மங்கி கேப்."

"ஆபீஸ்ல இருந்தவரும் நாராயணசாமி சார். வீட்டுல இருக்கறவரும் நாராயணசாமி சார். இதுல யார் அசல், யார் நகல்?"

பின் வரிசையில் யாரோ, "மங்கி கேப்தான் அசல்!" என்றார். ஹால் வெடித்தது. நாராயணசாமி சாரும் சிரித்தார். ஆனால் பேனாவை மூடவில்லை. அவர் லேசுப்பட்டவர் இல்லை.

"வாய்ஜாலம் வேண்டாம். காட்டு. என் பேருக்குப் பக்கத்துல 'செக்‌ஷன் ஆபீசர், ஓய்வு' அப்படின்னு சேரு. ஒரு இடத்துலதான் சேக்கணும். ரெண்டுலயும் வரணும். வந்தா ஒத்துக்கறேன்."

வெறும் எழுத்துகள் மட்டும் இருக்கும் கோப்பைத் திறந்தேன். அவர் பெயரைத் தேடி, பக்கத்தில் பதவியைச் சேர்த்தேன். சேமித்தேன். திரையைப் புதுப்பித்தேன். ஓரத்துப் பட்டியலில் செக்‌ஷன் ஆபீசர் வந்து உட்கார்ந்தார். அச்சுக்குக் கொடுத்தேன். சம்பந்தம் சாரின் பிரிண்டர் முக்கியது, நின்றது, மறுபடி முக்கியது. அந்த இடைவெளியில் என் காதில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸின் ஊதல் கேட்டதாக நினைவு. தாள் வந்தது. நடுவில், பெரிய எழுத்தில், இரண்டு பக்கமும் மைதானத்தோடு, செக்‌ஷன் ஆபீசர், ஓய்வு.

ஈரம் காய்வதற்குள் எடுத்துப் பார்த்தார். திரையைப் பார்த்தார். கைகாட்டிக் கேட்டார்: "அந்த நீலச் சட்டையைக் கழட்டு பார்ப்போம்."

உடுப்புக் கோப்பைப் பிரித்துக் காட்டினேன். வெள்ளைத் திரையில் வெறும் எழுத்து நின்றது. தலைப்பு, பத்தி, பெயர்கள். எதுவும் விழவில்லை, எதுவும் வெட்டுப்படவில்லை.

"அப்போ இதுதான் அசல்," என்றார் அவர், தனக்கே சொல்லிக்கொள்வது போல.

என்னை விட அவருக்குத்தான் நன்றாகப் புரிந்தது என்று இன்றும் சொல்வேன். சம்பந்தம் சாரிடமிருந்து கயிறு கட்டிய கோப்பை வாங்கினார். பச்சை மை. 'பார்த்தேன். அசலும் நகலும் ஒன்றே. திறக்கலாம்.' பிறகு கையொப்பம், முழுப் பெயரில்.

## ரிப்பன் கட்டிய மானிட்டர்

திறப்பு விழாவை நீட்டி எழுத ஆசைதான். ஆனால் எழுத ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் அதன் விசேஷம். அடுத்த வாரம் சமூகக் கூடத்தில் மேடை போட்டு, மானிட்டருக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். சிறப்பு விருந்தினர் கத்தரிக்கோலை எடுத்தார். வெட்டினார். கைதட்டல். அதே நொடி மின்சாரம் போயிற்று.

யாரும் பதறவில்லை. சம்பந்தம் சார் அச்சுப் பிரதிகளைக் கட்டாக வைத்திருந்தார். கூட்டத்தில் எல்லோருக்கும் விநியோகித்தார். அப்படித்தான் அந்த வலைத்தளம் கேசரி, வடையோடு கையில் கொடுத்துத் திறந்து வைக்கப்பட்டது. என் பக்கத்து நாற்காலி மாமி, தாளை ஓரம் பார்த்து மடித்து வடை எண்ணெயை ஒற்றிக்கொண்டார். நான் கொடுத்த அகலமான ஓரம் அதற்கும் பயன்பட்டது.

விழாவுக்கு வந்திருந்து, மின்சாரம் போனதைப் பார்த்துச் சிரித்த சோப்ராஜி, படியிறங்கும்போது என் தோளைத் தட்டினார். "கல் ஆ ஜானா, நாளைக்கு வந்துடு. லெட்டர் ரெடி." இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பினார். "ஆனா அடுத்த கிளையன்ட் கட்டம்தான் கேக்கறான், பேட்டா."

அது வேறு சண்டை. பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன். பார்த்துக்கொள்வதற்கு இங்கேயே இருக்கப் போகிறேனே.

## முதல் வாசகன்

முனிர்காவுக்கு வந்து சேர்ந்தபோது சாயங்கால வெளிச்சம் இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. சந்தில் யாரோ டயர் எரித்துக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்கள். இசக்கி ரஜாயைத் தலை வரை இழுத்துக்கொண்டு கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"நாளைக்கு ஆபீஸா, ரயிலா?"

"ஆபீஸ்."

"ம்," என்றான். அவ்வளவுதான். "ஒன் தளத்தப் போடு."

"உன் அரை மணியில மிச்சம் இருக்கறதும் வீணாப் போயிடும்டா."

"என் அரை மணி. நான் பாத்துக்கிடுதேன்."

போட்டேன். குரல் தும்மலோடு எழுந்தது. ஸ்பேசர் இல்லை. டேபிள் இல்லை. "ஹெடிங் லெவல் ஒன்" என்று மன்றத்தின் பெயர். தலைப்பிலிருந்து தலைப்புக்கு இசக்கி ஒரு விசையைத் தட்டித் தட்டித் தாவினான், சந்துக்குச் சந்து குறுக்குவழி தெரிந்தவன் மாதிரி. நான் அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிஷம் கூட ஆகியிருக்காது, தில்லிக்கு வந்த கதைகளில் இருந்தான்.

முதல் கதை, "பை நாரே யானா ஸ்வாமி," என்றது குரல். உச்சரிப்பு கொடூரம். ஆனால் பெயர் முழுசாக இருந்தது.

அவர் இளைஞனாக வந்து இறங்கிய டிசம்பர். உடம்பில் ஒரு பருத்திச் சட்டை. கோல் மார்க்கெட் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் ஒரே அறையில் தமிழ்ப் பையன்கள் சிலர். அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு ஓவர்கோட். யாருக்கு நேர்முகத் தேர்வோ அவனுக்குக் கோட். வந்து சேர்ந்த மறு வாரம், ஒரே நாளில் அவருக்கும் இன்னொருவனுக்கும் நேர்முகத் தேர்வு. அறையில் சீட்டுக் குலுக்கினார்கள்.

இசக்கி அசையவில்லை. ஒரு இடத்தில் கூட நிறுத்தவில்லை, தாவவில்லை, கிண்டல் பண்ணவில்லை. வேர்க்கடலை அவன் உள்ளங்கையில் அப்படியே இருந்தது.

"தி ச்சிட் வாஸ் ஓபன்ட்," என்றது குரல், "அண்ட் தி நேம் ஆன் இட் வாஸ்..."

செத்துப்போயிற்று.

"ஏலே!" என்று கத்தினான் இசக்கி. "கோட்டு யாருக்குலே கெடச்சுது?"

"எனக்குத் தெரியும். சொல்லட்டுமா?"

"வாயத் தொறந்த, கொன்னுருவேன். மறுபடி போடு."

அணைத்துப் போட்டேன். திரை கறுத்து, விசிறி முனகி, ஒவ்வொரு எழுத்தாக அது விழித்துக்கொள்ளத் தொடங்கியது. இனி ஒரு டீ குடிக்கும் நேரம் காத்திருக்க வேண்டும். இசக்கி வேர்க்கடலைப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினான்.

"மெதுவா வரட்டும், ரகு," என்றான். "நீதான் எங்கயும் போவலையே."